ஹெப்சியின் பேய்க்கணவாய்கள்

பேய்க்கணவாயை வீட்டுக்குள் விடுவதில் எனக்கு ஒருநாளும் ஆட்சேபணை இருந்ததில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டு ரிட்டயர் ஆனவன் நான். தோல் நாற்றமடிக்கும் என் சட்டை நுழைகிற வீட்டில் வேறு எது நுழைந்தால் என்ன? என் மனைவி ஞானசுந்தரி நர்ஸ். அவள் இருந்தவரை என்னைக் கொல்லைப்பக்கமாகத்தான் வரச் சொல்வாள். அவள் போன பிறகு முன்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன். அதில் ஒன்றும் சுகமில்லை.

ஒரே மகள் ஹெப்சி, வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆக்டோபஸ் ஆராய்ச்சி. மீனவர்கள் வாயில் அது பேய்க்கணவாய். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், பழவேற்காடு என்று கரையோரமாகப் போவாள். படகில் வந்து இறங்குவதில் நகத்தளவு சதை வெட்டி, சின்ன பாட்டில்களில் ஸ்பிரிட்டில் போட்டு எடுத்து வருவாள். கல்லூரியில் கரண்ட் போவதே வேலை என்பதால் பாட்டில்கள் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன.

அவள் கேள்வி எளிமையானது. இந்தக் கரை முழுக்க இருப்பவை ஒரே குடும்பமா, ஊருக்கு ஒரு குடும்பமா? குஞ்சுகள் நீரோட்டத்தோடு தூரம் போய்க் கலந்தால் ஒரே குடும்பம். பிறந்த பாறையை விட்டு நகராவிட்டால் தனித்தனிக் குடும்பம். சதைக்குள் மரபணுவில் அது எழுதியிருக்குமாம், படித்தால் தெரியுமாம்.

“அம்மாக்காரி முட்டைய விட்டு நகராது டாடி. சாப்பிடவும் சாப்பிடாது. குஞ்சு வெளிய வந்ததும் செத்துப்போய்டும்.”

“அப்பங்காரன்?”

“அது அதுக்கும் முன்னாடியே போய்டும்.”

“நல்ல ஏற்பாடும்மா. ரிட்டயர் ஆகி வீட்ல குந்திக்கினு யாருக்கும் பேஜார் இல்ல,” என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்பிரிட் எதற்கு, ஃபார்மலினில் போடேன் என்று நான்தான் யோசனை சொன்னேன். தோலில் அடித்த பூச்சு கலையாமலிருக்க நாங்கள் அதைத்தான் தெளிப்போம். பதறிப்போனாள். “ஐயோ டாடி, அது கிட்டயே வரக்கூடாது. சதை பார்க்க சூப்பரா இருக்கும், உள்ள இருக்கறத ஒண்ணும் படிக்க முடியாது.” கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காத தகப்பன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பிறகு நார்வேயிலிருந்து அழைப்பு வந்தது. முடிவுகளோடு வா, எங்கள் ஆய்வகத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். கேக் வெட்டினோம். அவள் தூங்கப் போனதும் அவளுடைய பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பார்த்தேன். இந்தியா ஒரு பக்கம், நார்வே இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

தோஸ்த் அமீர் பாஷா இன்னும் தொழிற்சாலையில்தான் இருந்தான். ஒரு கேன் ஃபார்மலின் கேட்டேன். “இன்னா தேவா, ரிட்டயர் ஆயும் அந்த வாசனை இல்லாம தூக்கம் வரலியா?” என்றான். ஆமாம் பாய் என்றேன்.

ஹெப்சி சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த வாரத்தில் அதைச் செய்தேன். ஒவ்வொரு துண்டையும் ஃபார்மலினில் ஊறவைத்து, கழுவி, புது ஸ்பிரிட்டில் போட்டு, அதே பாட்டிலில் அதே மூடியால் மூடினேன். தோல் கழுவிப் பிழைத்தவனுக்கு இது ஒரு வேலையா? வாசனை மிச்சம் இருந்திருக்கும். அந்த வீட்டில் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. கோபத்தோடு செய்யவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மீனில் முள் எடுத்துக் கொடுப்பேனே, அந்தப் பொறுமையோடுதான் செய்தேன்.

முடிவு வந்த அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பார்க்க நல்லாத்தான் இருக்குது டாடி. ஒண்ணுமே படிக்க வரல. நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்.”

“எல்லாருக்கும் வர்றதுதாம்மா,” என்று தலையைத் தடவினேன். காப்பி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். அவள் நிறுத்தவில்லை. நார்வேக்காரர்களும் அவகாசம் கொடுத்துத் தொலைத்தார்கள். மறுபடி பையைத் தூக்கினாள். மற்ற ஊர்கள் முடிந்து நாகப்பட்டினம் மட்டும் பாக்கி. இரண்டாயிரத்து நான்கு கிறிஸ்துமஸ் அன்று, ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

“நல்ல நாளும் அதுவுமா இன்னைக்கா கெளம்புவாங்க?”

“காலைல படகு வர்ற நேரத்துக்குக் கரையில நிக்கணும் டாடி. இது முடிஞ்சா உங்களுக்கு என் தொல்லை விட்டுது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதை டிவியில் காட்டினார்கள். போனேன். வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அவளை அவள் செருப்பை வைத்து அடையாளம் சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கடவுள் சித்தம் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களோடு வாதாடிப் பழக்கமில்லை.

சில வாரம் கழித்துக் கெசியா வந்தாள், ஹெப்சியின் கூடப் படித்தவள். “அங்கிள், ரெண்டாவது வாட்டி எடுத்த பாட்டிலுங்க இருக்குதுல்ல? குடுங்க. ஹெப்சி பேர்லயே முடிச்சுடலாம்.” சொல்லும்போதே அழுதாள்.

அடுத்த வாரம் வரச் சொன்னேன். யோசித்துப் பாருங்கள். இந்த பாட்டில்களில் இருப்பது ஒழுங்காகப் படிக்க வந்துவிட்டால், முதல் தடவை ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். மகளைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? கேனில் மிச்சம் இருந்தது.

கெசியா எடுத்துப்போய், சோதித்துவிட்டுத் திரும்பி வந்தாள். “அதே கதைதான் அங்கிள். பாவம், அவளுக்கு இந்த வேலை கைவரல போல.” செத்துப்போன பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

கெசியா லேசில் விடுகிற பெண் இல்லை. தோழிக்காகத் தானே எல்லாக் கரைக்கும் போய் எடுத்து வருவதாகக் கிளம்பியிருக்கிறாள். நார்வேயில் ஹெப்சிக்கு வைத்திருந்த இடத்தை இப்போது இவளுக்குத் தருகிறார்களாம். தகப்பன் இல்லாத பெண், அவ்வளவு தூரம் தனியாக. கல்லூரியில் கரண்ட் நிலைமை இன்னும் மாறவில்லை. பாட்டில்களை எங்கே வைப்பது என்றுதான் அவளுக்குக் கவலை.

“இன்னாம்மா இதுக்குப் போய் யோசிக்கிற,” என்றேன். “இங்கயே வை. நான் பார்த்துக்கறேன்.”