ரிவர்ஸில் மூன்று தடவை

அன்றைக்கு ஐஸ் பேக்டரியில் இருந்தவர்கள்: கம்ப்ரெசர் பார்க்கும் மாணிக்கம். ஐஸ் உடைக்கும் மாரி. இறால் பெட்டிக்கு ஐஸ் வாங்க வந்து மாட்டிக்கொண்ட மேரியக்கா. ராத்திரி ஷிப்டில் நான். கரண்டு போய் ஒரு மணி நேரம். நாலு பேருக்கு ஒரு டார்ச்.

பேயைப் பார்த்தவன் எவனாவது இருக்கிறானா என்று மாரிதான் கிளப்பினான். நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினான். நான் கேட்கவில்லை. சொன்னேன்.

இது மாணிக்கத்தின் அக்கா புருஷன் தருமலிங்கத்துக்கு நடந்தது. போனில் படம் பிடிக்கிற வசதி வராத வருஷம்.

ராத்திரி பதினொன்று. ஒல்லாந்தர் கல்லறைக்குப் பின்னால் ஏரிப்பக்கம் போகிற மண் ரோடு... விளக்குக் கிடையாது. ரோடு முடிகிற இடத்தில் தருமலிங்கத்தின் மெக்கானிக் ஷெட்டு. உள்ளே ஒரு வெள்ளைக் கார். கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர். அதன் மேல் பழைய மீன் வலை.

அந்தக் கார் லைட்ஹவுஸ் குப்பத்தில் குப்பம்மாவை நசுக்கியது. கருவாட்டைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சுவர். ஓட்டியவன் கண்ணப்பன், தருமலிங்கத்தின் தம்பி. லைட்ஹவுஸ் பார்க்க வந்த டூரிஸ்டுகளை இறக்கிவிட்டு ரிவர்ஸ் போட்டிருக்கிறான். வண்டி நகரவில்லை. லேசாக மிதித்தான். நகரவில்லை. காலை எடுத்தான். அப்புறம்தான் பாய்ந்தது. இதையே நூறு தடவை சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. குடித்திருந்தான் என்றார்கள். பிரேக் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதினார்கள். கண்ணப்பன் உள்ளே போனான். கியர் பெட்டியை யாரும் தொடவில்லை.

வண்டி ஓனர் தெய்வசிகாமணி. மெட்ராஸ்காரர். கோர்ட்டில் வண்டியை விடுவித்து, விடிந்ததும் லாரியில் ஏற்றிக்கொள்கிறேன், ஒரு ராத்திரி நிற்கட்டும் என்று ஒரு சாவியோடு அந்த ஷெட்டில் தள்ளிவிட்டுப் போனார். ஷெட்டுக்காரன் யாருடைய அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. வண்டி ஊருக்குப் போனால் கியர் பெட்டி மாறிவிடும். தம்பி சொன்னதற்குச் சாட்சி இல்லாமல் போகும். தருமலிங்கத்துக்கு அந்த ஒரு ராத்திரிதான்.

வலை எதற்கு என்று மேரியக்கா கேட்டார்.

படகில் சாவு விழுந்தால் கருமாதி வரைக்கும் கவிழ்த்துப் போடுவார்கள் இல்லையா. பதினாறு நாள் யாரும் தொட மாட்டார்கள். காரைக் கவிழ்க்க முடியவில்லை. ஷெட்டுக்கு வந்ததும் குப்பத்து ஆட்கள் வலை போட்டு மூடினார்கள். அன்றைக்குப் பதினோராம் நாள்.

"எடுத்துட்டானா?" என்றான் மாரி.

எடுத்துச் சுருட்டி மூலையில் போட்டான்.

ஆட்டோ கியர் ஓடுவது எண்ணெய் அழுத்தத்தில். பெட்டியில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றி மீட்டர் குழாயை மாட்டினால் அழுத்தம் எவ்வளவு என்று முள் காட்டும். ஆனால் ஒருவன் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக் கியரை மாற்ற வேண்டும், இன்னொருவன் கீழே படுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். அவனிடம் இருந்த குழாய் ஒரு முழம். சாயங்காலத்திலிருந்து ஆள் கேட்டுப் பார்த்தான். அந்த சீட்டில் உட்கார ஒருவனும் வரவில்லை. பெண்டாட்டி குணசுந்தரிகூட, கருமாதி ஆகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரைப் பலகைமேல் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் படகு தள்ளுகிற உருளைக் கட்டையை முட்டுக் கொடுத்தான். மீட்டர் குழாயை மாட்டினான். இன்ஜினைப் போட்டு எண்ணெய் சூடாக விட்டான். கீழே போய்ப் படுத்தான். படுத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான்.

"குப்பம்மா. உன்ன கொன்னது என் தம்பியா, இந்தப் பெட்டியா? எனக்குத் தெரியணும். உனக்கும் தெரியணும்னா வந்து மிதி."

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும்...

அப்புறம் வண்டி ஒரு பக்கம் லேசாக இறங்கியது. ஆள் ஏறினால் இறங்குமே, அந்த மாதிரி. பின் சுவர் சிவப்பானது. பிரேக் லைட்டு. மேலே 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்போடு வெள்ளை வெளிச்சமும் சேர்ந்தது. ரிவர்ஸ்.

சூடான எண்ணெய் வாடையை மீறிக் கருவாட்டு வாடை வந்தது.

ஓடினானா என்றால் இல்லை. முள்ளைப் பார்த்தான். நூறில் நின்றது. அது சரியான அளவு. பிறகு முள் சரிந்தது. அறுபது... முப்பது... பத்து. இன்ஜின் உறுமியது. முள் அசையவில்லை. உறுமல் அடங்கியது. கால் எடுத்தாகிவிட்டது. மேலே யாரோ மெதுவாக எண்ணினார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." மீன் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நாலில் முள் எகிறி முந்நூறில் இடித்தது. வண்டி பாய்ந்தது. உருளைக்கட்டை ஒன்று நழுவி ஓடியது. டயர் அவன் காதுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. மேலே பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

மாரி டார்ச்சை அணைத்துவிட்டான்.

"வெளிய வந்துட்டாரா?" என்றார் மேரியக்கா.

மாணிக்கம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "வர்ல. இன்னொரு தபான்னு சொல்லிக்கிறாரு."

ஆமாம். ஒரு தடவை வந்தால் தற்செயல் என்பார்கள். மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் கோளாறு. கட்டையைக் காலால் உதைத்துத் திரும்ப முட்டுக் கொடுத்தான். "பயந்துக்கினு போவேன்னு நெனச்சியா? நான் படுத்துக்கினுதான் இருக்கேன். மறுபடி போடு" என்றான். டக். சிவப்பு, வெள்ளை. முள் அதே இடத்தில் விழுந்து அதே முந்நூறுக்கு எகிறியது. மூன்றாவது தடவையும் அதேதான். எண்களைச் சாக்பீஸால் தரையில் எழுதினான்.

வெளியே வந்து பார்த்தால் காரில் யாருமில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். ஆனால் டிரைவர் சீட்டு ஸ்டீயரிங் வரை முன்னால் இழுத்திருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆறடி. குப்பம்மா நாலரை அடிகூட இல்லை.

"கண்ணப்பன்?" என்றான் மாரி.

ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். அந்த எண்களை எழுதி வக்கீல் மனுப் போட்டார். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வால்வு சிக்கிக்கொண்டிருந்தது. இப்போது சுண்ணாம்புக்குளத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான். உயிரோடு இருக்கிறவர்கள் கதை அவ்வளவுதான்.

அன்றைக்கு விடியக்காலை தெய்வசிகாமணி லாரியோடு வந்தார். தருமலிங்கம் ஷெட்டு வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"ரிவர்ஸ் எகிறுதுன்னு டிரைவர் உங்ககிட்ட சொல்லலியா?"

"அவன் எதுவும் சொல்லலப்பா. குடிகாரன்."

கண்ணப்பன் இரண்டு தடவை சொல்லியிருந்தான். இஷ்டமிருந்தால் ஓட்டு, இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று பதில் வந்திருந்தது.

"உள்ளதான் இருக்குது. போய் எடுத்துக்க" என்றான் தருமலிங்கம்.

தெய்வசிகாமணி தன் சாவியை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். லாரி டிரைவர் வெளியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. காற்றும் இல்லை, ஏரி தகடு மாதிரி கிடந்தது.

கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அப்புறம் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.