தள்ளிப் போட்ட மாதம்

— சத்தம் போடாத. ஒட்டகத்தைக் கூடாரத்துக்குப் பின்னாடி படுக்க வெச்சுட்டு உள்ள வா.

— என்னக்கா இது, அஞ்சு வருஷம் கழிச்சு வந்த தம்பியைத் திருட்டு ஆட்டை மறைக்கிற மாதிரி மறைக்கிற? முஹர்ரம் மாசம், சண்டைக்கே தடை. இப்போ எவன் என்னைத் தொடுவான்?

— ஹுரைத், உன் ஈட்டி எங்கடா?

— கம்பு இருக்கு. முனையைக் கழட்டி அப்பா பையில போட்டாச்சு. எல்லாரும்தான் போட்டோம்.

— வாள்?

— அட போக்கா. புருஷன் வீட்டுக்கு வந்து நம்ம வழக்கத்தையே மறந்துட்டியா? புனித மாசத்துல வாளைக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்தா நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்களா?

— கேளுடா. இது புனித மாசம் இல்ல.

— பிறை பார்த்து இன்னியோட பன்னெண்டு நாள். ஹஜ் மாசம் முடிஞ்சா முஹர்ரம். மாசக் கணக்கை எனக்கே சொல்லித் தரியா?

— தள்ளிப் போட்டுட்டாங்க.

— எதை?

— மாசத்தைத்தான். ஹஜ் முடிஞ்சு மினாவுல இருந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பற நேரம், மாசம் அறிவிக்கிற குடும்பத்துப் பெரியவர் எழுந்து நின்னு சொல்லிட்டாராம். இந்த வருஷம் முஹர்ரமை விட்டாச்சு, அதுக்குப் பதிலா ஸஃபர் மாசம்தான் புனிதம்னு. இங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்க காதுல விழலையா?

— நாங்க இந்த வருஷம் ஹஜ்ஜுக்கே போகலையேக்கா. ஒட்டகம் பூரா சொறி. தார் பூசிப் பூசி கையெல்லாம் கறுத்துப் போச்சு, பாரு. அந்தப் பக்கம் வழிப்போக்கன்கூட வரலை.

— அதான். நான் நினைச்சேன்.

— நினைச்சா ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?

— யாரை அனுப்புவேன்? நான் தண்ணி எடுக்கப் போனாலே ஒருத்தி பின்னாடி வர்றா. ஆம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கிற இடத்துக்குப் போனா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. எட்டு வருஷம் இவங்களுக்கு மாவு அரைச்சாச்சு. இன்னும் நான் உங்க குடிப் பொண்ணுதான்.

— அப்படியே இருந்தாலும், வானத்துல இருக்கிற மாசத்தை ஒருத்தர் வாயால நகர்த்த முடியுமா?

— நிலாவை யார் நகர்த்தினா? பேரைத்தான் நகர்த்தினாங்க. மூணு மாசம் சேர்ந்தாப்புல கொள்ளைக்குப் போகாம உக்காந்திருந்தா பட்டினின்னு இவங்கதான் போய்க் கேட்டாங்க. உன் மச்சான் முதல் ஆளா நின்னு கேட்டாராம்.

— ஹஜ்ஜுக்குப் போய்ச் சுத்தி வர்றோமே, அந்த வீட்டுச் சாமி ஒத்துக்கிச்சாமா?

— கேட்டவனுக்கெல்லாம் ஒத்துக்கிற சாமிதானே நமக்கு வாய்ச்சிருக்கு. குறி பார்க்க அம்பு உருவுவாங்க. போகாதேன்னு வந்தா, போன்னு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப உருவுவாங்க. லாத் அம்மாளுக்கு நான் நேராத நேர்ச்சை இல்ல. அம்மையில ரெண்டு புள்ளையைப் புதைச்சேன். எந்தக் கல்லு முன்னாடி நின்னு அழறதுன்னே இப்பல்லாம் தெரியலைடா.

— எனக்குத் தெரியவே தெரியாதேக்கா.

— உன் வரைக்கும் யார் வந்து சொல்லுவா? விடு. நம்ம அண்ணன் இவர் தம்பியைக் குத்திப் போட்டதுக்கு இன்னும் பழி தீரலை. அது தீர்ற வரைக்கும் தலையில எண்ணெய் வைக்க மாட்டேன்னு உன் மச்சான் சபதம் போட்டிருக்கார். அந்தச் சிக்குத் தலையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் நான் தினமும் படுக்கிறேன்.

— அப்போ நீ என்கூட வர முடியாதா?

— எங்க வர?

— அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சாகறதுக்குள்ள உமைமா முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துடறேன்னு தினமும் புலம்பறா. மாசம் முடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டுடறேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.

— ரெண்டு கண்ணுமா?

— ரெண்டும்தான். என் குரலை வெச்சுத்தான் என்னையே கண்டுபிடிக்கிறா.

— சரி, எழுந்திரு. இந்தக் கூழைக் குடிச்சுட்டு இப்பவே கிளம்பு. ஆம்பளைங்க யாரும் இங்க இல்ல. நேத்து விடியக்காலம் கொள்ளைக்குப் போயிட்டாங்க. வடக்கேன்னு சொன்னாங்க. வர்ற வழியில யார் கண்ணுலயாவது பட்டியா?

— பட்டேன். அதனாலதான் நீ சொல்றதை என்னால நம்ப முடியலை. நேத்து மத்தியானம் மச்சானையே பார்த்தேன்.

— எங்க?

— கருவேல ஓடையில.

— அது தெக்கே இல்ல?

— தெக்கேதான். நம்ம பக்கம் வர்ற வழி. முப்பது பேர் இருப்பாங்க. குதிரையில ஏறாம, கயித்துல பிடிச்சு ஒட்டகத்துக்குப் பின்னாடி நடத்திட்டுப் போனாங்க. திரும்பி ஓடிடலாமான்னு பார்த்தேன்க்கா, பொய் சொல்லலை. ஆனா மச்சான் இறங்கி வந்து கட்டிப் பிடிச்சார். தன் தோல்பையிலயிருந்து தண்ணி கொடுத்தார். புனித மாசத்துல பயம் எதுக்குன்னு சிரிச்சார். நீ சொல்ற மாதிரி மாசம் தள்ளிப் போயிருந்தா, கையில கிடைச்ச என்னை எதுக்கு விடணும்?

— அந்த ஓடையில இருந்து நம்ம இடத்துக்கு எவ்வளவு நேரம்?

— நான் சொறி ஒட்டகத்துல மெதுவாத்தான் வந்தேன். நல்ல ஒட்டகமா நிக்காம ஓட்டியிருந்தா இன்னிக்கு விடியறதுக்குள்ளயே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஏன்க்கா?

— விடியறப்பதான் இவங்க எப்பவும் பாய்வாங்க. அதுக்குத்தான் குதிரையை ஏறாம, களைக்க விடாமக் கூட்டிட்டுப் போவாங்க. வேற என்ன கேட்டார்?

— உன் முகம் ஏன் இப்படி ஆவுது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— அம்மாவைப் பத்திக் கேட்டார். கண்ணு போயிடுச்சுன்னதும் உச்சுக் கொட்டினார். இன்னும் அந்தக் கருங்கல் மேட்டு மேலதான் இருக்கீங்களா, வயசானவ எப்படி ஏறி இறங்குறான்னு கேட்டார்.

— நீ என்னடா சொன்ன?

— இல்ல மச்சான், புனித மாசம்தானே, பிறை தெரிஞ்ச அன்னிக்கே எல்லாரும் கீழ குளத்தங்கரைக்கு வந்துட்டோம், காவல்கூடப் போடலைன்னு சொன்னேன். அவளைப் பார்க்கணும்னா தேடவே வேண்டாம், முதல் கூடாரம்னு... கையை நீட்டி வழி காட்டினேன்க்கா.