ராக்காயி விரிச்ச சேலை

முன்ன ஒரு காலத்துல, நம்ம கீழச்செய்யனேந்தலுக்குப் பஸ்ஸே எட்டிப் பாக்காத காலத்துல, சோணைமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். மாட்டு வண்டியே ஒழுங்கா ஓட்டத் தெரியாத மனுசன், விமானப்படையில சேந்து விமானம் ஓட்டுனாராம். ஊரே வாயைப் பொளந்துச்சாம்.

லீவு கிடைக்காது. அவரு ஆத்தா ராக்காயி தாலியறுத்தவ, ஒத்தைப் பிள்ளைக்காரி. ஒன்னையப் பாக்காம கண்ணு பூத்துப்போச்சுன்னு ஆள் பிடிச்சுக் கடுதாசி போட்டா. அவரு பதில் எழுதுனாராம்: அந்தப் பக்கம் பறக்கையில மேலருந்து பாத்துக்கிறேன், நம்ம ஊருன்னு தெரியணும்ல, காஞ்ச கண்மாயில உன் வெள்ளைச் சேலையை விரிச்சு வை.

விரிச்சா. மேல சத்தம் கேட்டாப் போதும், குடிக்கிற கஞ்சியை வச்சுட்டு ஓடுவாளாம். எது மகன் விமானம், எது ஊரான் விமானம்னு அவளுக்கு என்ன தெரியும்? எல்லாத்துக்கும் விரிச்சா. பதினெட்டு வருசம் விரிச்சாளாம்.

இவரு படிப்படியா ஏறி, பக்கத்துத் தளத்துக்கே கமாண்டரா வந்துட்டாரு. அப்பவும் ஊருக்கு வர வேலை விடலையாம். விமானம் ஓட்டுறவுகளுக்குத் தரையில வெள்ளைத்துணி விரிச்சிருந்தா, இங்க எறங்கலாம்னு அர்த்தமாம். அது இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆத்தாவ நிறுத்தச் சொல்லணும்னு நூறு தடவை நெனச்சாராம். அவளுக்கு இருக்கது அது ஒண்ணுதானே, விரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டாராம். பாசந்தான், வேறென்ன. அந்தப் பாசம் ஒரு உசுரைக் குடிச்சுச்சு.

ஐப்பசி மழை பேஞ்சு ரெண்டு நாள். கண்மாய் மேல காஞ்சாப்புல இருக்கு, உள்ள சேறு. குரியன்னு ஒரு மலையாளத்துப் பைலட், இவருக்குக் கீழ வேலை பாத்தவன், இருபத்திமூணு வயசு. பறக்கையில எஞ்சின் நின்னுபோச்சு. பக்கத்துலயே கெட்டித் தரையா பொட்டல் கெடந்துச்சு. ஆனா அவன் கண்ணுல பட்டது வெள்ளைத்துணி. அதை நம்பி எறங்குனான். சக்கரம் சேத்துல புதைஞ்சு விமானம் தலைகுப்புறக் கவுந்துருச்சு. ராக்காயி விழுந்தடிச்சு ஓடி, "ஏப்பு, சோணை"ன்னு சேத்தைத் தொடச்சு மொகத்தைப் பாத்தாளாம். அவ மகன் இல்ல.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள்ட்ட சோணைமுத்து சொன்னாராம்: "அவனைக் கொன்னது எஞ்சின் இல்லய்யா, எங்க ஆத்தா சேலை. விரிக்கச் சொன்னது நான்." யாரும் காதுல வாங்கலையாம். எஞ்சின் கோளாறுன்னு எழுதி முடிச்சுட்டாக. அடுத்த வருசம் அவருக்குப் பதவி உயர்வு வேற குடுத்தாக. தண்டனை கேட்ட மனுசனுக்கு நெஞ்சுல மெடல். குரியன் வீட்டுக்குப் போனா, அவன் தகப்பன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டாராம். உண்மையைச் சொல்லாமலே இவரும் கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாராம்.

ஆத்தாகிட்ட மட்டும் வந்து, "இனி விரிக்காத ஆத்தா"ன்னாரு.

"அப்ப நீ என்னைய எப்பிடிப்பா பாப்ப?"

"பாக்க மாட்டேன்"னாராம்.

அம்புட்டுத்தான். போனவரு திரும்பலை. சத்தம் கேட்டாலும் அவ வெளிய வரலை.

அதனாலதான் நம்ம ஊர்ல இன்னைக்கும் வெள்ளைத்துணியைத் தரையில விரிக்கிறதில்ல. செத்தவுகளுக்குப் போடுற கோடித்துணியைக்கூடக் கீழ வைக்காம நாலு பேரு கையில பிடிச்சுத்தான் போத்துவாக. மொதல்ல அப்பிடிப் போத்துனது ராக்காயிக்குத்தானாம். ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சோணைமுத்து, பதினோரு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் ஆத்தா மொகத்தைக் கிட்டத்துல பாத்தாராம்.