பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான நம்பர்

எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது. ஆனாலும் போனில் என் குரலைக் கேட்பவர்கள், "பாப்பா, வீட்ல அம்மா இருக்காங்களா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவரில் இருந்து எங்கள் சர்ச் பொருளாளர் வரைக்கும் அப்படித்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரி சார்பில் விசாரணை நடத்துகிற வக்கீல் புகழேந்தி ஐயா, நடந்ததை முதலில் இருந்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எது முதல் என்று யோசித்தால் இந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

என் பெயர் ஜெயசீலி. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வேலைவாய்ப்பு ஆலோசகர். கொரோனாவில் கல்லூரியை மூடியபோது, நேரில் நடந்த ஆலோசனையை செல்போன் செயலிக்கு மாற்றினோம். கல்லூரி திறந்த பிறகும் அதை விடவில்லை. எங்கள் பிள்ளைகள் பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, திமிரி என்று திசைக்கு ஒருவராக இருப்பவர்கள். பாதிப் பேர் காலையில் வகுப்புக்கு வந்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போவார்கள். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் என்னோடு வீடியோவில் பேச முடிந்தது அவர்களுக்குப் பெரிய விஷயம். மேலே என்ன படிக்கலாம், எந்தப் பரீட்சை எழுதலாம், நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும் என்று எல்லாம் சொல்வேன். நன்றாகவே சொல்வேன். அதை இந்த விசாரணையில்கூட யாரும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. எதற்கு விண்ணப்பித்தாலும் மெயில் வேண்டும். பிள்ளைகளோ ஆஃபர் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா கையிலோ அண்ணன் கையிலோ. கடைசித் தேதியன்று பாஸ்வேர்டு மறந்துவிட்டதென்று அழுதுகொண்டு வருவார்கள். அதனால் கல்லூரியே எல்லோருக்கும் மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வருவதற்கு ஆபீஸ் நம்பரைப் போட்டோம். விண்ணப்பங்களை நானே நிரப்பியதால் அவற்றிலும் அதே நம்பர்தான். பிள்ளைகளுக்கு அந்த நம்பரே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அந்த போன் என் கைப்பையில் கிடந்தது. பழைய போன். சார்ஜ் நிற்காது.

நெல்வின் என்ற மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிகொண்டா பையன். கேமரா முன்னால் தன் பெயரைச் சொல்வதற்கே வியர்த்துக் கொட்டும். பதினோரு வாரம் அவனோடு உட்கார்ந்தேன். ஐதராபாத்தில் நல்ல வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்றைக்கு கும்பிடும் கை படம் ஒன்று அனுப்பினான். அதோடு சரி. கிறிஸ்துமஸ் ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றான். வெளியே வரும்போது, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாணவரும் கடைசியாக என்றைக்குப் பேசினார் என்று அதில் தேதி இருக்கும். வேலை கிடைத்தவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு என்னை அழைத்திருக்கவில்லை. கிடைக்காதவர்கள் வாரம் தவறாமல் அழைத்திருந்தார்கள். ஆலோசனை யாருக்குத் தேவை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஜெனிஃபா விஷயம் தற்செயலாக நடந்தது. அவள் போன் ரிப்பேரில் இருந்ததால், மெயிலைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம்தான் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இருந்த நேர்காணலை புதன்கிழமைக்கு மாற்றி மெயில் வந்திருந்தது. திங்கட்கிழமை பார்த்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. பிறகு புதன்கிழமை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போய் நின்று ஏமாந்து திரும்பியவள், பக்கத்து வீட்டு போனில் என்னை அழைத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆறுதல் சொன்னேன். "உங்கள மாதிரி எனக்கு யாருமே இல்ல மேடம்" என்றாள். என் மனம் நிறைந்திருந்தது. இப்போது அவள் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். வாரம் மூன்று முறை பேசுவாள்.

அதற்குப் பிறகு நடந்தவை தற்செயல் அல்ல. ஆனால் எதையும் யோசிக்காமல் செய்யவில்லை. யார் வெளியூரைத் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

தில்ஷாத் பேரணாம்பட்டுப் பெண். பி.எஸ்சி. கணிதம். அப்பா லியாகத் அலி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். புனேவில் இரண்டு வருட மேற்படிப்பு, தங்க இடமும் உதவித்தொகையும் உண்டு. கடைசி வருட மாணவர்கள் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். சென்னையில் பரீட்சை நடந்தபோது லியாகத் அலி லீவு போட்டுவிட்டு மகளோடு போய், மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். வீடியோவில் ஒரு தடவை அவரும் வந்தார். போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்ததால் நெற்றி மட்டும் தெரிந்தது. "எங்க குடும்பத்துல மொத ஆளு மேடம். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

ஏப்ரலில் அவள் தேர்வாகிவிட்டதாக மெயில் வந்தது. ஏழு நாளில் சம்மதம் சொல்ல வேண்டும். கைப்பை போனுக்கு வந்த ஓடிபியால் அவள் மெயிலைத் திறந்து, அவளுக்கு முன்னால் நான் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்தேன். புனே தூரம், பாஷை வேறு, சாப்பாடு வேறு. அங்கே போனால் அவளுக்கு என்னோடு பேச என்ன இருக்கும்? அவள் மெயிலில் இருந்தே பதில் எழுதினேன். "என் தந்தைக்கு விருப்பமில்லை. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்." பிறகு இரண்டையும் அழித்தேன்.

தந்தை என்று ஏன் எழுதினேன் என்று வக்கீல் ஐயா கேட்டார். வேறு எந்தக் காரணம் எழுதினாலும் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். தில்ஷாத் என்ற பெயரும் தோல் ஷாப்பில் வேலை செய்யும் அப்பாவும் இருந்தால் மிச்சக் கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அப்படித்தான் ஆயிற்று.

ஒரு பேராசிரியை மட்டும் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டார். நான் தில்ஷாத் பேசுகிறேன் என்றேன். என் குரலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். "பக்கத்தில் யாராவது இருந்தால் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லம்மா. உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல மனுஷி. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை" என்றேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்குப் பதில் என்று எனக்குத் தெரியும். தைரியமாக இரு என்று சொல்லி வைத்துவிட்டார்.

மே மாதம் முழுக்க தில்ஷாத் தினமும் கேட்டாள். "மெயில் எதுனா வந்துச்சா மேடம்?" இன்னும் இல்லம்மா என்றேன். ஜூனில் அவளே ஒரு தோழியின் மெயிலில் இருந்து புனேவுக்கு எழுதிவிட்டாள். உங்கள் தந்தைக்கு விருப்பமில்லை என்று நீங்களே மறுத்துவிட்டீர்களே என்று பதில் வந்தது. கேமராவை அணைத்துவிட்டு என்னிடம் பேசினாள். "யாரு மேடம் எழுதியிருப்பாங்க?"

"வீட்ல போன் யார்கிட்ட இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"அத்தாகிட்ட" என்றாள். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு, "தம்பி ஃபைஸானுக்கு மெயில் போடத் தெரியும்" என்றாள்.

அன்றோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். வாணியம்பாடியில் அத்தை வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஷூ கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். வியாழக்கிழமை தோறும் நான்கு மணிக்கு என்னோடு பேசினாள். அப்பாவை மன்னித்துவிடும்படி நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். செயலியில் பதிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் லியாகத் அலி ஒரு கவரோடு என் அறைக்கு வந்தார். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் வெடித்த விரல்கள். கவரைப் பிரிக்கக் கஷ்டப்பட்டார். ஃபைஸானை விட்டு புனேவுக்கு எழுத வைத்திருக்கிறார். மறுப்பு மெயிலின் நகலும், எந்த நம்பரில் தில்ஷாத்தோடு பேசினார்கள் என்ற குறிப்பும் தபாலில் வந்திருந்தன.

"நான் எழுதல மேடம். அஞ்சாவதோட என் படிப்பு நின்னுச்சு. அல்லா மேல ஆணையா சொல்றேன், புள்ள நம்ப மாட்டேங்குது. நாலு மாசமா மூஞ்சப் பாக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த நம்பர்ல யாரோ என் பொண்ணுன்னு சொல்லிப் பேசியிருக்காங்க. அந்தப் பக்கம் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா எனக்கு பேஜாரா போய்டும். நீங்களே கேளுங்க."

எண்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, தன் போனை என்னிடம் நீட்டினார்.

என் கைப்பைக்குள் போன் அடித்தது. அவருக்கு முதலில் புரியவில்லை. "உங்க போன் அடிக்குது மேடம். எடுத்துப் பேசுங்க, நான் இருக்கேன்" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவர் தன் போனை வாங்கி அழைப்பைத் துண்டித்தார். பை அமைதியானது. மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தது. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா மேடம் இது" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

நான்கு வருடத்தில் முப்பத்தொரு பேர். பெயர்களைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நானே, சுய நினைவோடு செய்தேன். யாரும் தூண்டவில்லை. ஒரு பைசா லாபமும் இல்லை. அந்த முப்பத்தொரு பேரும் என்னைத் தங்கள் தாய்க்குச் சமமாக நினைத்தவர்கள் என்பதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தில்ஷாத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கேட்கக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நம்பியவர் இப்படிச் செய்துவிட்டால் ஒரு பெண் எப்படித் தாங்குவாள்? இந்த நிலையில் அவளைப் புரிந்துகொண்டு பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகையால், ஒரே ஒரு அரை மணி நேரம் அவள் என்னோடு பேச அனுமதி வாங்கித் தருமாறு ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.