துடைத்த கட்டைவிரல்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் பக்கத்தில் எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, சரியாக உள்ளன. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் திருமணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். நான் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை செய்து வருகிறேன். இறந்தவர்களைக் கழுவித் துடைத்துத் துணி சுற்றி உறவினரிடம் ஒப்படைப்பது என் வேலை. இதைச் சொன்னதும் எழுத்தர் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். இருந்தாலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எதற்கு அருவருப்புப் பட வேண்டும், எதற்குப் படக்கூடாது என்பதைச் சொல்லத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருப்பவர் என் கூடப் பிறந்த தம்பி. அதே ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் உதவியாளராக இருக்கிறார். கட்டில் தள்ளுவார், ஊசி போடுகிற இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுப்பார். அந்தப் பஞ்சுப் பாக்கெட்டுகள் நாலைந்து எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். எந்த வேலையிலும் நிலைக்காமல் திரிந்தவருக்கு, மேலாளரின் கையைக் காலைப் பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். தம்பியை 'அவர்' என்று நான் சொல்லவில்லை, எழுத்தர்தான் அப்படி எழுதுகிறார். இனி நான் சொல்வது போலவே 'அவன்' என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

என் மகள் முழுகாமல் இருக்கிறாள். பிரசவத்துக்கு நான் போய்ச் சில மாதங்கள் கூட இருக்க வேண்டும் என்று மகளும் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டார்கள். என்னிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். ஆகவே இங்கேயும் அங்கேயும் வேலை செய்கிற போன் ஒன்று வாங்கும்படி மகள் சொன்னாள். "அம்மா, ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏத்துக்கிற லாக் போட்ட போனை உன் தலையில கட்டிடப் போறாங்க. எந்த நாட்டு சிம் போட்டாலும் எடுக்கணும், கடையிலயே போட்டுப் பார்த்து வாங்கு" என்று சொல்லி, அவள் ஊர் சிம் ஒன்றைத் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பினாள். அது ஒரு நாட்டில் பதிவு பண்ணினால் எங்கு போனாலும் சிக்னல் பிடிக்கும் வகை என்று மாப்பிள்ளை விளக்கினார்.

அதன் பிறகு நான் அந்தச் சிம்மை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் காது குடைந்த விரலாலேயே கண்ணாடியைத் தேய்த்துப் போனைக் காட்டினார். பார்த்ததும் எனக்கு அதைத் தொடவே மனம் வரவில்லை. சிம்மைப் போட்டதும் பூட்டைத் திறக்கத் திரையில் ஏதோ எண் கேட்டது. "அது அங்க போய் இறங்கினதும் தானா சரியாயிடும்மா" என்றார். நான் விமானத்தில் இருந்து இறங்கியபின் அவரை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வேறொரு போனைப் புதுசு என்று எடுத்துக் கொடுத்தார். அதன் பேசுகிற ஓட்டையில் யாருடைய முகப்பவுடரோ அப்பிக் கிடந்தது. புதுப் பெண்ணுக்குப் பூசியிருப்பார்கள் போல என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று எதையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்திருந்த தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "கடைக்காரங்க காதுல பூ சுத்துவாங்கக்கா. நீ அலையாதே. நல்லதா ஒண்ணு மாட்டும்போது நான் வாங்கித் தர்றேன்" என்றான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு கனரக வண்டி மெக்கானிக்கின் உடல் அவசரப் பிரிவில் இருந்து என் அறைக்கு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், விடுமுறையில் வந்து பழைய பட்டறை நண்பருக்கு ஒத்தாசை செய்துவிட்டுத் திரும்பும்போது விபத்து என்று சொன்னார்கள். நான் முறைப்படி கழுவினேன். மெக்கானிக் கைகளைக் கழுவுவது லேசான காரியம் இல்லை. கிரீஸ் ரேகைக்குள் இறங்கி நகக்கண்ணில் குடியிருக்கும், தூரிகை போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அவருடைய ஒன்பது விரலும் அப்படித்தான் கறுத்துக் கிடந்தன. வலது கட்டைவிரல் மட்டும், அதுவும் முன்பக்கம் மட்டும், வெளுத்துச் சுத்தமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஸ்பிரிட் வாசனை வந்தது. ஆக்சிஜன் அளக்கிற கிளிப் மாட்டத் துடைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். ஆனால் கிளிப் மாட்டிய தடம் இடது ஆள்காட்டி விரலில் இருந்தது. எனக்குப் புரியவில்லை. மீதி விரல்களையும் முடிந்தவரை தேய்த்து அதற்குச் சமமாகக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை.

அதன் பிறகு அவருடைய மனைவி வந்து, வார்டிலிருந்து கொடுத்த பையைப் பிரித்து, போன் எங்கே என்று கேட்டாள். கைக்கடிகாரம் இருந்தது, பெல்ட் இருந்தது, போன் இல்லை. நான் வார்டில் கேட்கச் சொன்னேன். வார்டில் என்னைக் கேட்கச் சொன்னார்கள். இப்படி இரண்டு நாள் அவளைப் பந்தாடினார்கள். மூன்றாவது முறை வந்தபோது அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் என் அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். என் மாற்றுத் துணிகளை அவர் ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். அவள் அழவில்லை. "போன் போனாப் போகட்டும்மா. எங்க மூணு பேரும் சேர்ந்து இருக்கிற படம் அதுல மட்டும்தான் இருக்கு. படத்தை மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, போனை அவங்களே வெச்சுக்கட்டும்" என்றாள். அடையாளம் கேட்டேன். கேமரா ஓரத்தில் வெல்டிங் பொறி பட்டுக் கொப்புளம் போல ஒரு சூடு இருக்கும் என்று சொன்னாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தேடுவதற்கு என் அறையில் என்ன இருக்கிறது, சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னதுதான்.

அதன் பிறகு சுமார் ஒரு மாதம் கழித்து, ஒரு மாலை, என் தம்பி வீட்டுக்கு வந்து நீல உறை போட்ட ஒரு போனைக் கொடுத்தான். தெரிந்த கடையில் சொல்லி வைத்து வாங்கியதாகவும், எந்த நாட்டு சிம்மும் எடுக்கும் என்றும் சொன்னான். மகள் அனுப்பிய சிம்மைப் போட்டோம், உடனே எடுத்தது. நான் அதற்குரிய பணத்தைக் கொடுத்தேன், அவன் கை கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டான். பில் கேட்டதற்கு, தம்பியிடம் போய் பில் கேட்கிறாயே என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். போனுக்கு ரேகைப் பூட்டுப் போட்டுத் தருகிறேன் என்றான். "விரலைக் குடுக்கா" என்றான். என் கை எப்போதும் பினாயிலில் ஊறிக் காய்ப்புக் காய்த்திருக்கும். அவன் கேட்காமலே சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ஸ்பிரிட் பஞ்சுப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து எடுத்து, என் வலது கட்டைவிரலின் முன்பக்கத்தை மட்டும் சுழற்றிச் சுழற்றித் துடைத்தான். ஊதிக் காயவைத்தான். பிறகு இரண்டு விரலால் என் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து அழுத்தினான். "இப்படித் துடைச்சாத்தான் ஒரே தடவையில எடுக்கும்" என்றான்.

நான் என் விரலைப் பார்த்தேன். அதே மாதிரிக் கட்டைவிரலை மெக்கானிக்கின் கையில் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். பிணவறையில் எத்தனையோ வருடங்களாகப் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் குமட்டியதில்லை. அன்று குமட்டியது. எழுந்து போய்ப் பின்னால் வாந்தி எடுத்தேன். காப்பி ஒத்துக்கொள்ளவில்லையா என்று அவன் கேட்டான். ஆமாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, நீல உறையைக் கழற்றினேன். கேமரா ஓரத்தில் கொப்புளம் போன்ற சூடு இருந்தது. சார்ஜ் போடுகிற ஓட்டையில் ஊக்கை விட்டுச் சுரண்டினேன், நுனியில் கறுப்புக் கிரீஸ் வந்தது. எந்தக் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்து என்னால் எடுக்க முடியவில்லையோ அதே கிரீஸ்.

மறுநாள் காலை அவசரப் பிரிவுக்குப் பின்னால் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, இது மெக்கானிக்கின் போன்தானே என்று கேட்டேன். முகத்தில் ஈயாடவில்லை. முதலில் இல்லை என்றான். சூட்டைக் காட்டியதும், கடைக்காரன்தான் கொடுத்தான், எனக்கென்ன தெரியும் என்றான். பஞ்சைப் பற்றிச் சொன்னதும் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். அதன் பிறகு, "அந்த ஆளு பிழைக்கமாட்டான்னு டாக்டரே சொல்லிட்டாருக்கா. யார் எடுக்கலேன்னு நீ நினைக்கிறே?" என்றான். உள்ளே இருந்த படங்கள் எங்கே என்று கேட்டேன். "அதுல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் பொண்டாட்டி புள்ள படம்தான். சும்மா தள்ளிப் பார்த்துட்டு அழிச்சுட்டேன். மத்த பூட்டெல்லாம் கடைத்தெருவுல ஒருத்தன் எடுத்துக் குடுத்தான்" என்றான். ஒண்ணும் இல்லை என்று வாய் கூசாமல் சொன்னான்.

நான் அவனிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். விரலை வைத்தது உயிர் இருக்கும்போதா, போன பிறகா என்று கேட்டேன். என் மனதுக்குள், போன பிறகு என்று சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது. செத்தவருக்கு வலிக்காது என்பது எனக்குத் தெரியும், அதை வைத்தாவது அவனை என் தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போல, "உயிர் இருந்தாத்தான்க்கா எடுக்கும்" என்றான்.

அதன் பிறகு நான் மகளுக்குப் பழைய போனில் இருந்து விஷயத்தைச் சொன்னேன். மாமா மேல் அவளுக்கு உயிர். "நீ வராட்டியும் பரவாயில்லம்மா. அந்தப் போனோட இங்க வராதே. அதுல என் குழந்தையைப் படம் எடுக்காதே" என்றாள். பயணத்தைத் தள்ளி வைத்தேன். பட்டறையில் விசாரித்து மெக்கானிக்கின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் போன் வாங்கிய அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணும் போனுக்குள் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இருவருமாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து போனை ஒப்படைத்தோம்.

அதன் பிறகு தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்து, போனைக் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்ததாகச் சொல்லும்படி கேட்டாள். "அண்ணி, செத்தவருக்குப் போன் எதுக்கு? உங்க தம்பி வேலை போச்சுன்னா நாங்க எங்க போவோம்?" என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தம்பி என்னிடம் வாங்கிய பணத்தில் வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை இந்த வாக்குமூலத்துக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, மெக்கானிக்கின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க எப்போ எடுத்தாங்க என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது என்றேன். அவள் சொன்னாள்: "சேதி கேட்டு வண்டியில வரும்போது அவருக்குப் போன் பண்ணினேம்மா. முதல்ல ரிங் போச்சு. திரும்பப் பண்ணினேன், கட் பண்ணாங்க. அவர்தான் கட் பண்றார், கண் முழிச்சுட்டார்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தேன்." அந்தப் போனில் படங்கள் மீளுமா என்று நிலைய அதிகாரியிடம் கேட்டேன். அனுப்பிப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார். மீண்டால் போனோடு சேர்த்து அவளிடமே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தப் போனும் வேண்டாம், கொடுத்த பணமும் வேண்டாம்.

மேலே எழுதப்பட்டவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமே. யாருடைய தூண்டுதலிலும் யார் மேல் உள்ள பகையிலும் சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே உள்ளது. கடைசியில் எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து வைத்து, என் கட்டைவிரலைப் பிடிக்கக் கையை நீட்டினார். கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு எழுதத் தெரியும், பேனா கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)