வடிவம்மாளின் பேட்டரி

ராத்திரி ஒன்றரை மணி. கடையத்தைத் தாண்டி மலையடிக் குளத்துக்குப் போகிற மண்பாதை. வீடு கிடையாது, விளக்கு கிடையாது. மொபெட்டில் ஒருத்தன் போகிறான். கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய பேட்டரி. அது சரிந்துவிடாமல் இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டிருக்கிறான். சாரல் முகத்தில் அடிக்கிறது. ஆனால் குளிர்வது முகமில்லை... முழங்கால்.

அவன் பெயர் சங்கரபாண்டி. இதோ, இந்த ஆட்டோ ஸ்டாண்டுச் சுவரோரம் பீடி குடித்துக்கொண்டிருக்கிறானே சுடலைமுத்து, அவனுடைய அக்கா புருஷன்.

"எங்க அத்தான் கதைய நீ சொல்லுதியோ? சொல்லு. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேன்னா மிதிச்சிருவேன்" என்றான் சுடலைமுத்து.

கூட்டவில்லை. அருவியில் வெள்ளம் என்று உங்களைக் குளிக்க விடவில்லை. ஆட்டோ ஓட்டுகிற எங்களுக்குச் சவாரியும் இல்லை. தள்ளி உட்காராமல் கேளுங்கள்.

சங்கரபாண்டி குத்துக்கல்வலசையில் வயரிங் வேலை பார்த்தவன். கூடவே பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டி ஒன்றையும் வாடகைக்கு விட்டான். கரண்டு போனாலும் பெட்டி ஓடவேண்டுமே, அதற்கு அடியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் உண்டு. அன்றைக்குப் பெட்டி வீரகேரளம்புதூரில் இருந்தது. உள்ளே வடிவம்மாள். ஒரே மகள் மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிறவள். ராத்திரியே திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காலையில் வந்து சேரவேண்டும். அம்மா முகத்தை ஒருதடவை பார்த்தால் போதும் என்று போனில் கதறியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் ஏசுவடியான் கூப்பிட்டார். குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர்.

"ஏலே, விடியக்காலம் வலை எடுக்கணும். படகுல பேட்டரி செத்துட்டு, ஒரு லைட்டும் எரியல. நீ வாரியா, வேற ஆளைக் கூப்பிடவா? வேற ஆளு வந்தாம்னா இனிமே எல்லாக் குளத்துக்கும் அவந்தான்."

கடைகள் பூட்டியாயிற்று. சங்கரபாண்டி கையில் இருந்தது ஒரு செத்த பேட்டரி. நல்லது ஒன்றே ஒன்று... அது எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

வீரகேரளம்புதூருக்குப் போனான். "இந்தப் பேட்டரி வீக்கா இருக்கு, நல்லது மாத்திருதேன்" என்றான். நல்லதைக் கழற்றினான், செத்ததை வைத்தான். கரண்டு இருந்ததால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்குத் தெரியும்?

"நேரங்கெட்ட நேரத்துல வந்து பாக்கியளே, நல்லாருப்பிய அண்ணாச்சி" என்று வடிவம்மாளின் தங்கை கடுங்காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

குளக்கரையில் ஏசுவடியான் டார்ச் பிடித்தார். சின்ன ஃபைபர் படகு. பின்பலகைக்கு அடியில் பேட்டரியை வைத்து வாரால் இறுக்கினான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து மெயின் சுவிட்ச், அங்கிருந்து முன்விளக்குக்கு ஒரு வயர், தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு ஒரு வயர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை படாத இடத்தில் இருந்தும் பேட்டரி வேர்த்துக்கொண்டே இருந்தது. கிரீஸ் தடவப் போன விரல் ஐஸ்கட்டியில் ஒட்டுவதுபோல் ஒட்டியது. பிய்த்துத்தான் எடுத்தான்.

போன் அடித்தது. வடிவம்மாளின் தங்கை.

"அண்ணாச்சி, கரண்டு போயிட்டு. பெட்டி ஓட மாட்டேங்கு. கண்ணாடியில தண்ணி வடியுது. மக வந்து எந்த முகத்தைப் பாப்பா அண்ணாச்சி..."

"யாருலே இந்நேரத்துல?" என்றார் ஏசுவடியான்.

"ராங் நம்பரு" என்றான். போனை அணைத்துப் பையில் போட்டான்.

விளக்கைச் சோதிக்கப் படகைத் தள்ளித் தனியாகக் குளத்துக்குள் போனான். பளிச்சென்று எரிந்தது. நடுக்குளத்தில் துடுப்பை நிறுத்தினான்.

ம்ம்ம்ம்ம்...

மோட்டார் ஓடுகிறது என்று அதை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. காது வைத்துக் கேட்டான். அவனுக்கு நன்றாகப் பழகிய சத்தம்தான். ஃப்ரீசர் பெட்டியின் கம்ப்ரசர்.

படகில் கம்ப்ரசர் கிடையாது.

மெயின் சுவிட்சை அணைத்தான். விளக்கு எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கினான். விளக்கு எரிந்தது. வயரையே பிடுங்கினான்... எரிந்தது.

அப்புறம் ஒரு வாடை. முதலில் ஊதுபத்தி, ரோசாப்பூ மாலை. அதற்கு அடியில் இன்னொன்று. செத்த மீன் கிடக்கிறதோ என்று பலகையைத் தூக்கித் தேடினான். ஒன்றுமில்லை. மூக்கைப் பொத்தினான். பொத்தியதும் வாடை இன்னும் கூடியது.

வாடை அவன் உள்ளங்கையிலிருந்து வந்தது.

கரையிலிருந்து ஏசுவடியான் கத்திக் கத்திப் பார்த்தார். விடிந்த பிறகுதான் படகு தானாகக் கரை ஒதுங்கியது. சங்கரபாண்டி உள்ளே உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, பச்சை பாரித்து, கண் பிதுங்கி... தண்ணீரில் மூன்று நாள் கிடந்த முகம். அந்த முகம் "அண்ணாச்சி" என்றது. ஏசுவடியான் அங்கேயே வாந்தி எடுத்தார்.

அதே நேரத்தில் வீரகேரளம்புதூரில் மகள் வந்து இறங்கினாள். கரண்டு இன்னும் வரவில்லை. பெட்டி ராத்திரி முழுக்க நின்றுதான் கிடந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் தூக்கினார்கள். வாடையே இல்லை. வடிவம்மாளின் புருவத்தில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

சங்கரபாண்டி சாகவில்லை. செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனையோ டாக்டர்களிடம் காட்டினார்கள். ரத்தம் எடுக்க ஊசி குத்தினால் ஒன்றும் வரவில்லை. பேசுகிறான், கஞ்சி குடிக்கிறான். ஆனால் அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்தால் ஈ மொய்க்கிறது, தோல் கழன்று வருகிறது. அதனால் பெண்டாட்டி குத்துக்கல்வலசை வீட்டில் அவனை அவனுடைய பெட்டியிலேயே கிடத்தியிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடியை ஒட்டி வாயை வைத்து என்னிடம் பேசினான். கண்ணாடியில் மூச்சு படியவில்லை. கரண்டு இருக்கிறவரைக்கும் பாடு இல்லை. புதுப் பேட்டரி எது வைத்தாலும் அந்தப் பெட்டியில் நிமிஷத்தில் செத்துவிடுகிறது.

"பொய்யாலே சுடலை?" என்று கேட்டேன்.

சுடலைமுத்து ஸ்டாண்டு விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

மேலே டிரான்ஸ்பார்மரில் டப்பென்று ஒரு சத்தம். ஸ்டாண்டு விளக்கு போயிற்று. எதிர் லாட்ஜ் போயிற்று. குத்துக்கல்வலசைப் பக்கம் வானத்தில் தெரிந்த வெளிச்சமும் போயிற்று.

இருட்டில் பீடிக் கங்கு கீழே விழுந்தது. சுடலைமுத்து ஆட்டோவுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அழுகிற குரலில் கேட்டான்:

"ஏலே, இந்நேரத்துல ஐஸ் எங்கனலே கெடைக்கும்?"