நாலு விரல் இடைவெளி

மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் மேசையை அளக்க வேண்டும். பலர் அளப்பதில்லை. வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, மேசைமேல் வைத்த பிறகு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். நான் அளந்தேன். என் மேசை ஐந்தடி. நான் பார்த்து வைத்திருந்த வளைந்த மானிட்டர் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. விளக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இடம் மிச்சம் இருந்தது.

வாங்குவதா வேண்டாமா என்று இருபத்தேழு நாள் யோசித்தேன். அந்த நாட்களில் நான் கணினியில் தேடியதையெல்லாம் நீங்கள் தேதிவாரியாக அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள். இத்தனை நாள் யோசித்ததுதான் குற்றம் என்பதுபோல் பேசுகிறீர்கள். யோசிக்காமல் வாங்குகிறவர்களை நான் மதிப்பதில்லை.

என் வேலையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். படங்களுக்கு வசனவரி பொருத்துகிறவள் நான். படத்தில் ஒருவர் வாயைத் திறக்கும்போது எழுத்து வர வேண்டும், மூடும்போது மறைய வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், படத்தின் நேரம் முழுதும் ஒரு நீண்ட பட்டையாக முன்னால் ஓடும். என்னிடம் இருந்தவை இரண்டு சாதாரண மானிட்டர்கள். பட்டை ஒன்றில் தொடங்கி, நடுவில் அறுந்து, மற்றதில் தொடரும். சாயங்காலத்துக்குள் கழுத்து விறைத்துப் போய்விடும்.

நடுவே பட்டை அறுந்த அந்த இடம் நாலு விரல் அகலம். அதை அப்படி வைக்கச் சொன்னவர் என் கணவர்.

மேசைக்கு எதிரே, பத்தடி தள்ளி, அவருடைய கட்டில். நரம்பு நோய். முதலில் கால்கள் போயின, பிறகு இடது கை, பிறகு குரல். குரல் போவதற்கு முந்தின மாதம் கட்டிலில் சாய்ந்தபடி, "இன்னும் கொஞ்சம் தள்ளு... இன்னும்... ம், போதும். உன் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியுது. எனக்கு அது போதும்" என்றார்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், அப்போது பக்கத்தில் இருந்தார். "பாரும்மா, இந்த நிலைமையிலயும் உன்னைப் பாக்காம இருக்க முடியல இவனுக்கு. குடுத்து வெச்சவ நீ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மைதான். எங்களுடையது காதல் கல்யாணம். நான் அலுவலகம் போய்வந்த நாட்களில் மணிக்கொரு முறை போன் செய்வார். "சாப்பிட்டியா? எங்க இருக்க? பக்கத்துல யாரு?" மூன்றையும் ஒரே குரலில், ஒரே அன்போடு கேட்பார். பிறகு, "நீ கண்ணெதிர்ல இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். நான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள்கூட அவர் என்மேல் கை ஓங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவரிடம் மிஞ்சியது வலது கையும் கண்களும்தான். சளி தொண்டையை அடைத்தால் கையைத் தூக்குவார். நான் எழுந்துபோய் இயந்திரத்தின் குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பேன். சில நிமிடங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். நாலு விரல் இடைவெளியில் அந்தக் கை தெரியும். மூன்று வருடம் அப்படித்தான் போயிற்று.

ஒரு வாரம் மட்டும் நான் குறித்துவைத்தேன். அறுபத்தொரு தடவை கை தூக்கினார். அதில் சளிக்காகத் தூக்கியது பத்தொன்பது. மற்றவை, நான் பார்க்கிறேனா என்று பார்ப்பதற்காக. படத்தில் ஏதோ நகைச்சுவை வந்து நான் சிரித்தால் கை எழும். போனில் பேசினால் எழும். எழுந்து போவேன். கண்ணால் என் முகத்தைத் துழாவுவார். திரும்பி வருவேன்.

எங்கள் குழுத்தலைவருக்கு 'கமா' என்று பட்டப்பெயர். எந்த வரியைக் காட்டினாலும் அதில் ஒரு கமா குறைகிறது என்பார். மானிட்டரைப் பற்றி முதலில் போனில் சொன்னவர் அவர்தான்.

"வாங்கிடுங்க மேடம். கண்ணுக்கு ரெண்டு பக்கமும் சுவர் கட்டின மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள இடி விழுந்தாலும் தெரியாது."

"தெரியாதா சார்?"

"மூணு வருஷமா என் வீட்டம்மா என்னைத் திட்டிட்டு இருக்காங்களாம். எனக்குப் போன வாரம்தான் விஷயமே தெரியும்."

சிரித்தேன். கை எழுந்தது.

"சரி, பழசு ரெண்டையும் என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணை எனக்குத் தாங்களேன்."

"பத்து நாள் போகட்டும் சார். அப்புறம் சொல்றேன்."

பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பது விற்பவர்கள் சொன்ன விதி. பழையவற்றைத் துணி சுற்றி அலமாரியில் வைத்தேன். பொருளைப் பாழாக்குவது எனக்குப் பிடிக்காது.

என் கணவரையும் கேட்காமல் வாங்கவில்லை. ஒருமுறை கை அசைத்தால் சரி, இரண்டு முறை அசைத்தால் வேண்டாம். மானிட்டரின் படத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நடுவே எங்குமே அறுபடாத அதன் அகலத்தை நெடுநேரம் பார்த்தார். இரண்டு முறை அசைத்தார். "கழுத்து ரொம்ப வலிக்குதுங்க" என்றேன். மறுபடியும் இரண்டு முறை. ஒரு சாமான் வாங்குவதில் புருஷன் பெண்டாட்டிக்குள் அபிப்பிராய பேதம் வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

வந்து இறங்கிய அன்று நாத்தனாரும் வந்திருந்தார். "சினிமா தியேட்டரையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே! இதுக்குப் பின்னாடி என் தம்பி இருக்கறது எப்படித் தெரியும்?"

"நீங்களே உக்காந்து பாருங்கக்கா."

மானிட்டரின் தாங்கியை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தேன். நாத்தனார் என் நாற்காலியில் உட்கார்ந்தார். திரைக்கு மேலாக என் கணவரின் முகமும் கையும் தெரிந்தன. "நல்லாத் தெரியுதும்மா. ராஜா மாதிரி சாஞ்சுக்கிட்டிருக்கான்" என்று சிரித்தார். நாத்தனார் பஸ் ஏறியிருப்பார் என்று தோன்றிய பிறகு தாங்கியை நாலு விரல் உயர்த்தினேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருப்பதுதான் கழுத்துக்கு நல்லது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். அதையும் நான் தேடிப் படித்தேன். உங்கள் தாள்களில் இருக்கும்.

முதல் ஐந்து நாட்கள் கால்மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பதினைந்து நிமிடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. படத்தில் கடல் வந்தால் கடல் மட்டும் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். யாரும் அதற்கு என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

ஆறாம் நாள், காலை பதினொன்றரை. ஜன்னல் வெயில் திரையில் விழுந்தது. திரைச்சீலையை இழுப்பதற்காக எழுந்தேன். நின்றால் மானிட்டருக்கு மேலாக அறை முழுவதும் தெரியும். அவர் கை எழுந்திருந்தது.

அந்த வாரம் பத்தொன்பது தடவையை மட்டும் எப்படித் தனியாகப் பிரித்துக் குறித்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன். சும்மா கூப்பிடும்போது விரல்கள் மூடியிருக்கும். சளி அடைத்தால் ஐந்து விரலும் விரிந்துவிடும். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

அன்று ஐந்து விரலும் விரிந்திருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் தெரியாது.

அந்தக் காட்சியில் நாற்பது வரி. நாற்பதையும் பொருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு வரிகூட முந்தவோ பிந்தவோ இல்லை. முதல்முறையாகக் கமா எந்தக் குறையும் சொல்லவில்லை.

டாக்டர் வந்தார், எதிர்பார்த்ததுதான் என்றார். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவரைப்போல என்னை யார் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறார்கள்?

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் சக்கர நாற்காலியை எடுத்துப்போக வந்தார். மேசையில் பழைய மானிட்டர்கள் இரண்டும் இருந்தன. நடுவில் ஒரு கோடுகூட விடாமல் ஒட்டி வைத்திருந்தேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கழுத்து வலி போயிடுச்சாம்மா?"

வேறெதுவும் கேட்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார். கெட்டிக்காரி. என்மேல் பாசமும் உண்டு, அதனால்தான் அவருக்குக் கஷ்டம்.

கடையிலிருந்து நீங்கள் வாங்கிவந்த இந்தத் தாள் என்னுடையதுதான். கையெழுத்தும் என்னுடையது. ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பினேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்டு அதில் கட்டம் கட்டமாகக் காரணங்கள் போட்டிருந்தார்கள். பழுது என்று போடலாமா என்று நினைத்தேன். ஆனால் பழுது எதுவும் இல்லை. அளவு பொருந்தவில்லை என்றும் போட முடியாது, நான்தான் அளந்து வாங்கியவள். பொய் எழுத எனக்குக் கை வராது.

அதனால்தான் 'இனித் தேவையில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.